கழட்டிய பிளக்கைத் தூக்கி எறியாதே!



காலையில் அவசரமாகக் கிளம்பும்போது வண்டி கிளம்பாது. கிக்கரை உதைக்கிறோம். பத்து உதை, இருபது உதை. வேர்த்து ஊத்துது. அப்போ பக்கத்தில் நிற்பவர் ஒரு வார்த்தை சொல்லுவார்: "பிளக் போயிருக்கும், மாத்திப் பாரு." நம்ம விழுப்புரத்திலும் சரி, திண்டிவனத்திலும் சரி, இந்த வைத்தியம் சொல்லாத ஆளே கிடையாது.

சில நேரம் அவர் சொல்றது சரியாகவும் இருக்கும். ஆனா பல நேரம் பிளக் மேல தப்பே இருக்காது. வேற எங்கேயோ கோளாறு, பழி மட்டும் பிளக் மேல. அதனால் இந்தக் கட்டுரையில் இரண்டு விஷயம் சொல்லப் போகிறேன். நாலு ஸ்ட்ரோக் வண்டியில் பிளக்கை எப்படி மாற்றுவது என்பது ஒன்று. கழட்டிய பிளக்கைப் பார்த்து எஞ்சினின் உடம்பு எப்படி இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் ரொம்ப முக்கியம். அது தெரியாமல் நான் செய்த ஒரு வேலையால் எங்க வீடு ஒரு வாரம் கஷ்டப்பட்டது. அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

பிளக் என்ன வேலை செய்கிறது?

ஸ்பார்க் பிளக்கைத் தமிழில் தீப்பொறிச் செருகி என்று சொல்லலாம். நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி வெள்ளைப் பீங்கான், வெளியே மரை வெட்டிய இரும்புக் கூடு. கூட்டின் நுனியிலிருந்து ஒரு சின்னக் கொக்கி வளைந்து, நடுக்கம்பிக்கு எதிரே நிற்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி. அதைத்தான் மெக்கானிக்குகள் "கேப்" என்கிறார்கள். பெரும்பாலான வண்டிகளில் இது 0.6 முதல் 0.9 மி.மீ. வரை இருக்கும். ஏ.டி.எம். கார்டின் கனம் 0.76 மி.மீ. ஏறக்குறைய அவ்வளவுதான்!

வண்டியில் உள்ள இக்னிஷன் காயில், குறைந்த மின்னழுத்தத்தை வாங்கி 10,000 வோல்ட்டுக்கும் மேல் ஏற்றி அனுப்பும். இயற்பியல் வகுப்பில் படிக்கும் மின்மாற்றித் தத்துவம்தான். நம்ம வீட்டு மின்சாரமே 230 வோல்ட்தான். அவ்வளவு அழுத்தம் வந்ததும் மின்சாரம் அந்த இடைவெளியைத் தாண்டிக் குதிக்கும். அந்தக் குதிதான் பொறி.

எஞ்சினில் மின்பொறி வைப்பது பழைய யோசனை. 1860-இல் லெனுவார் என்பவர் தன் வாயு எஞ்சினில் மின்பொறியைப் பயன்படுத்தினார். 1876-இல் ஜெர்மனியில் ஓட்டோ என்பவர் நாலு ஸ்ட்ரோக் எஞ்சினை உருவாக்கினார். 1902-இல் ராபர்ட் பாஷ் கம்பெனியில் ஹோனோல்டு என்ற பொறியாளர் உயர் அழுத்த மேக்னெட்டோவையும் அதற்கேற்ற பிளக்கையும் செய்தார். அந்த பாஷ் கம்பெனியின் இந்தியக் கிளை 1951-இல் தொடங்கியது. அதன் சுருக்கப் பெயர் மைக்கோ. 2008-இல் பெயரை பாஷ் என்றே மாற்றிவிட்டார்கள். ஆனாலும் வயதான மெக்கானிக்குகள் இன்னிக்கும் "ஒரு மைக்கோ பிளக் குடுப்பா" என்றுதான் கேட்கிறார்கள்.

நாலு ஸ்ட்ரோக் என்றால்?

பிஸ்டன் கீழே போகும்போது பெட்ரோலும் காற்றும் உள்ளே வருது. மேலே வரும்போது அதை அழுத்துது. பொறி விழுந்து எரியும்போது பிஸ்டனைக் கீழே தள்ளுது. மறுபடி மேலே வரும்போது புகையை வெளியே தள்ளுது. உறிஞ்சுதல், அழுத்துதல், எரிதல், வெளியேற்றுதல் என்று மொத்தம் நாலு வேலை. இதற்கு எஞ்சின் இரண்டு சுற்று சுற்ற வேண்டும். அப்படியானால் இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி தேவை.

பழைய டூ ஸ்ட்ரோக் வண்டியில் பெட்ரோலோடு ஆயிலையும் கலந்து ஊத்துவாங்க. பிளக்கில் கொஞ்சம் ஆயில் பிசுக்கு இருந்தா அதில் தப்பு இல்லை. நாலு ஸ்ட்ரோக்கில் ஆயில் கீழே தனியா இருக்கு. அது பிளக் வரைக்கும் வரவே கூடாது. வந்தால் எஞ்சினுக்குள் ஏதோ கோளாறு என்று பொருள். இந்த வித்தியாசத்தை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

1985-இல் ஹீரோ ஹோண்டா சி.டி.100 வந்தபிறகு நாலு ஸ்ட்ரோக் வண்டி சாதாரண வீடுகளுக்கும் வந்தது. மூட்டை ஏத்துற எக்ஸ்.எல். கூட டூ ஸ்ட்ரோக்கில் இருந்து எக்ஸ்.எல்.100 ஆன பிறகு நாலு ஸ்ட்ரோக்தான்.

ஒரு கணக்கு போடுவோம்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் ஏறக்குறைய 40 கி.மீ. முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு வழியாக 50 கி.மீ. வேகத்தில் போனால் 48 நிமிடம். எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுற்று சுற்றுவதாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் நிமிடத்துக்கு 2,500 பொறி. ஒரு விநாடிக்கு சுமார் 42.

48 × 2,500 = 1,20,000. திண்டிவனம் போய்ச் சேருவதற்குள் ஒரு லட்சத்து இருபதாயிரம் பொறி!

சாதாரண பிளக்கை 10,000 முதல் 12,000 கி.மீ.க்கு ஒரு முறை மாற்றச் சொல்வார்கள். (சரியான அளவு உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும்.) 12,000 கி.மீ. என்றால் 3 கோடியே 60 லட்சம் பொறி. தினமும் திண்டிவனம் போய்த் திரும்புகிறவருக்கு இது 150 நாள்தான். இத்தனை தடவை பொறி குதிச்சா கம்பியின் முனை தேயாமல் என்ன செய்யும்? முனை மழுங்கி இடைவெளி அதிகமாகிவிடும். பொறி குதிக்கக் கஷ்டப்படும். வண்டி மிஸ்ஸிங் ஆகும், மைலேஜ் குறையும். இதுதான் பிளக்கின் இயற்கையான முதுமை. அப்போது மாற்றத்தான் வேண்டும்.

நான் செய்த தப்பு

எங்க ஊர் விக்கிரவாண்டி பக்கம். அப்பா தினமும் விடியக்காலை 4 மணிக்கு 100 சி.சி. வண்டியில் கீரைக்கட்டு ஏத்திக்கிட்டு திண்டிவனம் மார்க்கெட்டுக்குப் போவார். கார்புரேட்டர் உள்ள பழைய வண்டி. ஒரு வாரமா ஏத்தத்தில் இழுக்கல, படபடன்னு மிஸ் ஆகுதுன்னு சொன்னார். நான் தொழிற்கல்வி படிக்கிற பையன் ஆச்சே! "பிளக் மாத்தினா சரியாயிடும்பா" என்று சொல்லி ஒரு புது பிளக் வாங்கி வந்தேன்.

அப்பா மார்க்கெட்டில் இருந்து வந்து வண்டியை நிறுத்தினதும் சூட்டோடு சூடா கழட்டினேன். புது பிளக்கை ஸ்பேனரில் மாட்டி அப்படியே உள்ளே வைத்து முறுக்கினேன். கொஞ்சம் கடினமா இருந்தது. "புதுசு, அப்படித்தான் இருக்கும்" என்று நினைத்து இன்னும் அழுத்தி முறுக்கினேன். ஸ்டார்ட் பண்ணினா 'ஸ்ஸ்ஸ்' என்று காற்று வெளியே வருது. பிளக் கோணலா ஏறி, எஞ்சின் தலையில் உள்ள அலுமினிய மரையை அறுத்துவிட்டது.

மறுநாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு மெக்கானிக் அண்ணனிடம் போனோம். அவர் முதலில் கேட்டது, "பழைய பிளக் எங்கடா தம்பி?" நல்லவேளை, சட்டைப் பையில் வைத்திருந்தேன். வாங்கிப் பார்த்தார். உலர்ந்த கரி, அடுப்புக் கரி மாதிரி. ஸ்பேனரை எடுக்காமல் ஏர் ஃபில்டரைத் திறந்தார். உள்ளே செம்மண் புழுதி அப்பிப் போயிருந்தது. "பிளக்குக்கு ஒண்ணும் இல்ல. வண்டிக்கு மூச்சு விட முடியல. அதான் கரி கட்டியிருக்கு" என்றார்.

எஞ்சின் தலையைக் கழட்டி லேத் பட்டறைக்கு அனுப்பி, புஷ் போட்டு மரை வெட்டி வர நாலு நாள் ஆனது. செலவு, அந்தப் புது பிளக் விலையைப் போல் பத்து மடங்குக்கு மேல். அந்த நாலு நாளும் அப்பா கீரைக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றார். பாதிதான் எடுத்துப் போக முடிந்தது. மீதி வாடிப்போனது. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

கடைசியில் அந்த அண்ணன் ஏர் ஃபில்டரை மாற்றி, பழைய பிளக்கையே சுத்தம் செய்து போட்டார். வண்டி நன்றாக ஓடியது.

பிளக் சொல்லும் சேதி

டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்க்கிறார் அல்லவா? எஞ்சினின் நாக்குதான் பிளக் நுனி. அது சொல்வது இதுதான்:

★ பிஸ்கட் நிறம் அல்லது லேசான சாம்பல் நிறம்: எஞ்சின் நலம். இடைவெளி சரியா இருந்தால் பிளக்கைத் திரும்பப் போடலாம்.

★ உலர்ந்த கறுப்புக் கரி: பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. ஏர் ஃபில்டர் அடைப்பு, சோக் போட்டபடியே இருத்தல் ஆகியவை காரணம். தினமும் அரை கிலோமீட்டர் டியூஷனுக்கு மட்டும் ஓட்டினாலும் இப்படி ஆகும். பிளக் நுனி சுமார் 500 டிகிரி செல்சியஸ் சூடானால்தான் தன் மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். கொஞ்ச தூரம் போனா அந்த சூடு வராது.

★ ஆயில் பிசுக்குள்ள கறுப்பு: நாலு ஸ்ட்ரோக்கில் இது ஆபத்து மணி. பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்து ஆயில் மேலே ஏறுகிறது. எத்தனை புது பிளக் போட்டாலும் அதுவும் கறுத்துப் போகும்.

★ வெள்ளையாக, கொப்புளம் கொப்புளமாக: அதிக சூடு. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு, அல்லது பிளக் இறுக்கமாக உட்காரவில்லை, அல்லது தவறான பிளக். நுனி சுமார் 850 டிகிரியைத் தாண்டினால் பொறி வருவதற்கு முன்பே பெட்ரோல் தானாகப் பற்றிக்கொள்ளும். பிஸ்டனே ஓட்டையாகலாம்.

★ பெட்ரோல் நனைந்து ஈரமாக: பொறி வரவில்லை, அல்லது சோக் போட்டு அதிகம் உதைத்துவிட்டோம். துடைத்து, கொஞ்ச நேரம் காயவிட்டுப் பார்க்கவும்.

★ முனை மழுங்கி உருண்டையாக, அல்லது பீங்கான் விரிசல்: இதுதான் உண்மையிலேயே மாற்ற வேண்டிய பிளக்.

எந்த பிளக் வாங்குவது?

"பிளக் எல்லாம் ஒண்ணுதானே" என்பது தப்பு. மரையின் பருமன் வேறு, நீளம் வேறு. 100 சி.சி. நாலு ஸ்ட்ரோக் வண்டிகள் பலவற்றில் 10 மி.மீ. மரை. பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகள் பலவற்றில் 14 மி.மீ. மரை. நீளம் அதிகமான பிளக்கைப் போட்டால் பிஸ்டனில் இடிக்கும்.

வெப்ப எண் என்று ஒன்று உண்டு. இதில் ஒரு வேடிக்கை. என்.ஜி.கே. பிளக்கில் எண் பெரியதானால் சூட்டைச் சீக்கிரம் கடத்தும் 'குளிர்' பிளக். பாஷ் பிளக்கில் எண் பெரியதானால் 'சூடு' பிளக். தலைகீழ்! அதனால் எண்ணைப் பார்த்து நாமாக ஊகிக்கக் கூடாது. கையேட்டில் உள்ள எண்ணைத் துண்டுச் சீட்டில் அப்படியே எழுதி, பழைய பிளக்கையும் கையோடு எடுத்துக்கொண்டு கடைக்குப் போகவும்.

மாற்றும் முறை

1. எஞ்சின் முழுசா ஆறட்டும். ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். சூட்டோடு கழட்டினால் மரை பாழாகும், கையும் சுடும்.

2. சாவியை ஆஃப் செய்யவும். பிளக் கேப்பைப் பிடித்து இழுக்கவும். ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது.

3. பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணை சைக்கிள் பம்ப்பால் ஊதவும். இல்லாவிட்டால் கழட்டினதும் மண் எஞ்சினுக்குள் விழும்.

4. வண்டியோடு வந்த டூல் கிட்டில் உள்ள பிளக் ஸ்பேனரை நேராக மாட்டி, இடப்பக்கமாகச் சுற்றவும். சாய்த்தால் பீங்கான் உடையும்.

5. கழட்டியதும் பழைய பிளக்கைப் படிக்கவும். மேலே சொன்ன பட்டியலோடு ஒப்பிடவும். கோளாறு வேறு எங்காவது என்றால் முதலில் அதைச் சரிசெய்யவும்.

6. உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது நம்ம ஊர் வழக்கம். அவசரத்துக்கு ஓடும். ஆனால் பீங்கானில் கீறல் விழுந்தால் அதில் கரி சீக்கிரம் பிடிக்கும். மணல் துகள் உள்ளே போனால் எஞ்சினுக்குக் கேடு.

7. புது பிளக்கின் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்கவும். கூடக் குறைய இருந்தால் வெளிக்கொக்கியை மட்டும் மெதுவாக வளைக்கவும். நடுக்கம்பியைத் தொடாதே.

8. இதுதான் உயிரான படி. புது பிளக்கைக் கையால் மட்டும் ஏற்றவும். கை எட்டாத இடமானால், பிளக் தலையில் இறுக்கமாக மாட்டும் ரப்பர் டியூப் துண்டைச் செருகி அதைத் திருகவும். கோணலாக ஏறினால் டியூப் வழுக்கும், மரை தப்பிக்கும். முதலில் இடப்பக்கம் மெதுவாக ஒரு சுற்று திருப்பினால் 'டிக்' என்று மரை உட்காரும். அப்புறம் வலப்பக்கம் திருப்பவும். இது அந்த மெக்கானிக் அண்ணன் எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

9. கையால் முழுசா ஏறி உட்கார்ந்த பிறகுதான் ஸ்பேனர். புது பிளக்கில் வாஷர் நசுங்க வேண்டும், அதனால் கால் முதல் அரைச் சுற்று. பழைய பிளக் என்றால் கடிகாரத்தில் முள் 12-இல் இருந்து 1-க்குப் போகும் அளவு போதும். மரையில் கிரீஸ், ஆயில் தடவ வேண்டாம். வழுக்கிக்கொண்டு அளவுக்கு மேல் இறுகிவிடும்.

10. கேப்பை 'டக்' என்று உட்காரும்வரை அழுத்தவும். ஸ்டார்ட் செய்யவும்.

சில பல்சர் மாடல்களில் இரண்டு பிளக் உண்டு, என்.எஸ்.200-இல் மூன்று. அவற்றில் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றவும்.

எச்சரிக்கை: பொறி வருதா என்று பார்க்க பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு கிக்கர் உதைப்பார்கள். ஷாக் அடிக்கும். திறந்த ஓட்டையில் இருந்து பெட்ரோல் ஆவி வந்து பொறியில் பற்றிக்கொள்ளவும் கூடும். இந்தச் சோதனையை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி

2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததை நாம் மறக்க முடியாது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. தண்ணீர் வடிந்ததும் நிறைய பேர் முதலில் செய்ய நினைப்பது செல்ஃப் பட்டனை அழுத்துவது. அது பெரிய தப்பு. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் வேகமாக மேலே வந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

அப்படிப்பட்ட வண்டியில் பிளக்கைக் கழட்டி, சாவி ஆஃப்பில் இருக்க, கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்தினால் தண்ணீர் அந்த ஓட்டை வழியாக வெளியே வரும். ஆயிலையும் பார்க்க வேண்டும். பால் கலந்த டீ மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, முழுசா மாற்ற வேண்டும். அதன் பிறகு மெக்கானிக் பார்த்துச் சொன்னால்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஒரு சின்ன பிளக்கைக் கழட்டத் தெரிந்தால் ஒரு எஞ்சினையே காப்பாற்றலாம்.

தெரியுமா உங்களுக்கு? கனடா போன்ற பனி நாடுகளில் பனி மேல் ஓடும் ஸ்னோமொபைல் என்ற வண்டி உண்டு. சக்கரத்துக்குப் பதில் பின்னால் பட்டையும் முன்னால் சறுக்குக் கட்டையும் இருக்கும். அதிலும் நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் வந்துவிட்டது. அவர்களும் இதே மாதிரிதான் பிளக்கைக் கழட்டிப் பார்க்கிறார்கள். அங்கே குளிர் படுத்தும் பாடு, நமக்குப் புழுதி படுத்துது!

நண்பர்களே, 18 வயது ஆகாமல், லைசென்ஸ் இல்லாமல் பைக் ஓட்டக் கூடாது. ஆனால் பிளக் கழட்ட லைசென்ஸ் தேவையில்லை! வீட்டில் பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது ஒருமுறை கழட்டிப் பாருங்கள். புதுசை மாட்டும் முன் பழசு என்ன சொல்லுது என்று கேளுங்கள். ஸ்பேனரை எடுக்கும் முன் விரலைப் பயன்படுத்துங்கள்.

நான் அவசரப்பட்டு வாங்கிய அந்தப் புது பிளக், கோணலா ஏறி மரை நசுங்கியபடி, என் ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கிறது. பார்க்க ஆசைப்படுறவங்க இன்டர்வெல்லில் வாங்க. காட்டுறேன்.



— 12-ஆம் வகுப்பு மாணவன், தொழிற்கல்விப் பிரிவு